மூளைக்காய்ச்சல்: டெஸ்ட் ரிசல்ட் வரும் முன்பே ஆன்டிபயாடிக் ஏன்? குணமான பிறகும் ஊசி ஏன் தொடர்கிறது?

‘சளி, காய்ச்சல்னா உடனே ஆன்டிபயாடிக் கேட்காதீங்க. டெஸ்ட் பார்த்து, தேவைப்பட்டா மட்டும் போதும்.’ பல ஆண்டுகளாக மருத்துவர்கள் சொல்லிவரும் அறிவுரை இது. ஆனால், கடும் தலைவலியும் காய்ச்சலுமாக, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் அதே மருத்துவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். பரிசோதனை முடிவு எதுவும் கைக்கு வரும் முன்பே இரண்டு, மூன்று ஆன்டிபயாடிக் மருந்துகளை ஒரே நேரத்தில், அதிக அளவில் நரம்பு வழியாக ஏற்றத் தொடங்குகிறார்கள்.

வெளியே நிற்கும் உறவினர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். ‘என்ன கிருமின்னே தெரியலைங்கறாங்க, அதுக்குள்ள மூணு மருந்தா?’ என்று கேட்பார்கள். மூன்றாவது நாள் நோயாளி கண்விழித்து இட்லி கேட்டதும் அடுத்த கேள்வி வரும். ‘நல்லாத்தானே இருக்கார், மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?’

இரண்டு கேள்விகளும் நியாயமானவைதான். இரண்டுக்கும் பதில், மருந்து மூளைக்குள் எப்படிப் போகிறது என்பதில் இருக்கிறது.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

பேச்சு வழக்கில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்களை அடக்கிவிடுகிறோம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள சவ்வுகளில் ஏற்படும் தொற்று மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளை உறை அழற்சி. மூளைத் திசுவே பாதிக்கப்பட்டால் அது என்செஃபலைட்டிஸ். மூளைக்குள் ஓரிடத்தில் சீழ் திரண்டு கட்டியானால் அது சீழ்க்கட்டி. மெனிஞ்சைட்டிஸை வைரஸ், பூஞ்சை, பாக்டீரியா என எதுவும் உண்டாக்கலாம். இவற்றில் மிக வேகமாக உயிரைப் பறிப்பது பாக்டீரியா வகை. நோய் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள்கூட மரணம் நேரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் பேருக்கு பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் ஏற்பட்டது. சுமார் 2.4 லட்சம் பேர் இறந்தனர். பிழைத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு, நினைவாற்றல் குறைவு போன்ற நீண்ட காலப் பாதிப்புகள் தங்கிவிடுகின்றன.

காய்ச்சல், கழுத்து இறுக்கம், மனக்குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் மெனிஞ்சைட்டிஸ் என்று பலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் 696 நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், இந்த மூன்றும் ஒன்றாக இருந்தது 44 சதவீத நிகழ்வுகளில் மட்டுமே. ஆனால் தலைவலியையும் சேர்த்து நான்கு அறிகுறிகளில் ஏதாவது இரண்டாவது 95 சதவீதம் பேரிடம் இருந்தன. ‘கழுத்து நல்லாத்தான் அசையுது’ என்று சமாதானம் அடைந்துவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

மூளைக்கு ஒரு காவல்

உடலின் மற்ற இடங்களில் ரத்தக் குழாய்ச் சுவர் வழியாக மருந்து ஓரளவு எளிதாகத் திசுக்களுக்குள் கசிந்துவிடும். மூளையில் அப்படி இல்லை. அங்குள்ள நுண்குழாய்களின் செல்கள் இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். இதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள்.

இது தெரியவந்ததே ஒரு சாயச் சோதனையில்தான். ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் 1885-ல் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தியபோது, உடலின் உறுப்புகள் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. அவரிடம் பணியாற்றிய எட்வின் கோல்ட்மன் 1913-ல் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மூளையைச் சுற்றியுள்ள நீரில் சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை நிறம் மாறியது, மற்ற உறுப்புகள் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்பது தெளிவானது.

இந்தத் தடுப்பு சிகிச்சையில் எவ்வளவு பெரிய முட்டுக்கட்டை என்பது 1942-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் மெனிஞ்சைட்டிஸ் வந்து சாகக்கிடந்த ஒருவருக்காக, பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹோவார்ட் ஃப்ளோரியிடம் மருந்து கேட்டு வாங்கினார். தசையில் ஊசி போட்டபோது நோயாளி சற்றுத் தேறினார். ஆனால் அவருடைய தண்டுவட நீரைச் சோதித்தால் அதில் பென்சிலினையே காணோம். பிறகு ஃப்ளெமிங் பென்சிலினை நேரடியாக முதுகுத்தண்டின் நீருக்குள் செலுத்தினார். நோயாளி பிழைத்தார்.

அப்படியானால் இப்போது கையில் ஏற்றும் மருந்து எப்படி வேலை செய்கிறது?

தொற்று ஏற்பட்டால் மூளை உறைகள் வீங்கி, அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் மருந்து உள்ளே நுழைகிறது. அப்போதும் ரத்தத்தில் இருக்கும் அளவில் ஒரு சிறு பகுதிதான் உள்ளே போகும். எனவே உள்ளே போதுமான அளவு சேர வேண்டுமென்றால், வெளியே அதிகமாகக் கொடுத்தாக வேண்டும்.

அதிகம் பயன்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியையே எடுத்துக்கொள்வோம். சாதாரண நிமோனியாவுக்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1 கிராம் போதுமானதாக இருக்கும். மெனிஞ்சைட்டிஸ் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 கிராம். அதாவது நாளொன்றுக்கு 4 கிராம். ‘டோஸ் ஜாஸ்தியா போடறாங்களே’ என்ற சந்தேகத்துக்கு இதுதான் பதில்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று வந்தால், மருந்தோடு சேர்ந்து உடலின் சொந்த எதிர்ப்பு சக்தியும் கிருமியோடு மல்லுக்கட்டும். மூளையைச் சுற்றியுள்ள நீரில் அந்தப் படை மிகக் குறைவு. எனவே கிருமியின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் மருந்து பெரும்பாலும் போதாது. கிருமியைக் கொல்லும் மருந்தே வேண்டும்.

ஒரு மணி நேரக் கணக்கு

பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் என்று சந்தேகம் வந்தால், மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போய்ச் சேர வேண்டும் என்கின்றன ஐரோப்பிய, பிரிட்டன் வழிகாட்டுதல்கள். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்க நோயாளிக்கு நேரம் இல்லை.

அதனால் மருத்துவர்கள் கணிப்பை வைத்துத் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கு அதிகம் வரும் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் கிருமிகளை மனதில் வைத்து செஃப்ட்ரையாக்சோன். சில நிமோகாக்கஸ் வகைகள் அதற்குக் கட்டுப்படாமல் போகலாம் என்பதால் கூடவே வான்கோமைசின். வயதானவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்றால் லிஸ்டீரியா என்ற கிருமிக்காக ஆம்பிசிலின். செஃப்ட்ரையாக்சோன் எவ்வளவு கொடுத்தாலும் லிஸ்டீரியாவை ஒன்றும் செய்யாது. மூன்று மருந்துகளின் கணக்கு இப்படித்தான் வருகிறது.

ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தோ, அதற்குச் சற்று முன்போ டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போடப்படலாம். மருந்து கிருமியை உடைக்கும்போது சிதறும் துண்டுகள் மூளையில் வீக்கத்தை அதிகப்படுத்தும். அதைக் கட்டுப்படுத்தத்தான் ஸ்டீராய்டு. ஐரோப்பாவில் 301 பேரிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 7 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 15 சதவீதம் பேரும் இறந்தனர். ஆனால் ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை. அங்கே நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. பாதிப்பும் இருந்தது. ஆளைப் பொறுத்து, கிருமியைப் பொறுத்து இந்த முடிவு மாறும்.

‘முதுகுல நீர் எடுத்தா கால் விளங்காமப் போயிடுமா?’

சிகிச்சையில் பல நேரம் தாமதம் ஏற்படுவது இந்தப் பயத்தில்தான். முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனைக்குக் கையெழுத்துக் கேட்டதும், ஊரிலிருந்து பெரியப்பா வரட்டும் என்று குடும்பம் காத்திருக்கும். உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் மேல் எலும்புகளோடு முடிந்துவிடுகிறது. ஊசி குத்துவது அதற்கும் கீழே. சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசியும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் போடப்படுகிறது. எடுக்கும் நீர் சில மில்லிலிட்டர்தான். நம் உடலில் இந்த நீர் மொத்தம் சுமார் 150 மி.லி. இருக்கும். ஒரு நாளில் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கும். எடுத்தது சீக்கிரமே ஈடாகிவிடும். சிலருக்கு ஓரிரு நாட்கள் தலைவலி இருக்கலாம். கடுமையான பின்விளைவுகள் அரிது.

அந்தச் சில மில்லிலிட்டர் நீர் நிறையச் சொல்லும். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாகி, சர்க்கரை குறைந்து, புரதம் கூடியிருந்தால் பாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கும். வைரஸ் என்று உறுதியானால் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடலாம். எந்த பாக்டீரியா என்று தெரிந்தால் மூன்று மருந்தை ஒன்றாகக் குறைக்கலாம். முதல் நாளில் வலை அகலமாக விரிக்கப்படுகிறது. அதைச் சுருக்குவதற்கு வழி இந்தப் பரிசோதனைதான்.

எல்லோருக்கும் உடனே நீர் எடுக்க முடியாது என்பதும் உண்மை. கை, கால் ஒரு பக்கம் இழுத்திருந்தாலோ, புதிதாக வலிப்பு வந்திருந்தாலோ, நினைவு மிகவும் மங்கியிருந்தாலோ முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள். அப்போதும் ஆன்டிபயாடிக் தள்ளிப்போவதில்லை. ரத்தத்தில் கல்ச்சருக்கு மாதிரி எடுத்துக்கொண்டு, உடனே மருந்தைத் தொடங்கிவிட்டு, பிறகு ஸ்கேன் அறைக்குப் போவதுதான் முறை.

மெடிக்கல் ஷாப் மாத்திரை செய்யும் வேலை

மருந்து உள்ளே போன பிறகு கல்ச்சரில் கிருமி கிடைப்பது கடினமாகிறது. நரம்பு வழியாக மருந்து ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் மெனிங்கோகாக்கஸ் தண்டுவட நீரிலிருந்து மறைந்துவிடலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மருத்துவமனையில் ஒரு மணி நேரத்தைச் சேமிப்பதற்காக இந்த இழப்பை ஏற்கலாம். ஆனால் காய்ச்சல் வந்த முதல் நாளே மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் நடப்பது வேறு. மூளைத் தொற்றைக் குணமாக்கும் அளவுக்கு அந்த மாத்திரை உள்ளே போகாது. கிருமியை ஒளித்துவைக்கும் அளவுக்குப் போய்விடும். கிருமி தெரியாமல் போனால் மருந்தைக் குறைக்கவும் வழியில்லை. நோயாளி பல மருந்துகளை, முழுக் காலத்துக்கும் தாங்க வேண்டிவரும்.

செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகளும், அவற்றைவிட வீரியமான மெரோபெனம் வகை மருந்துகளும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘அட்டவணை எச்1’ பட்டியலில் உள்ளன. மத்திய அரசு 2013-ல் அறிவித்த இந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளை யாருக்கு விற்றோம் என்பதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.

‘நல்லாயிட்டார், மாத்திரைக்கு மாத்தலாமே?’

இங்கேதான் அந்தக் காவலின் கதை திரும்பவும் வருகிறது. வீக்கம் இருந்ததால்தான் மருந்து உள்ளே நுழைந்தது. நோயாளி தேறத் தேற வீக்கம் வடியும். வீக்கம் வடிந்தால் காவல் மறுபடி இறுகும். அதாவது, ஆள் நன்றாக ஆகும்போது மருந்து உள்ளே போவது குறைகிறது. அந்த நேரத்தில் டோஸைக் குறைத்தாலோ, ரத்தத்தில் அந்த அளவுக்குச் சேராத மாத்திரைக்கு மாறினாலோ, மிச்சமிருக்கும் கிருமி மீண்டும் தலைதூக்கலாம். கடைசி நாள் வரை அதே அளவு ஊசி தொடர்வது அதனால்தான்.

எத்தனை நாள் என்பதைக் கிருமிதான் முடிவுசெய்கிறது. மெனிங்கோகாக்கஸ் என்றால் பொதுவாக 5 முதல் 7 நாட்கள். ஹீமோஃபிலஸ் என்றால் 7 முதல் 10 நாட்கள். நிமோகாக்கஸ் என்றால் 10 முதல் 14 நாட்கள். லிஸ்டீரியா என்றால் 21 நாட்களோ அதற்கு மேலோ. கிருமியைக் கண்டுபிடித்துவிட்டால் ஒருவர் ஒரே வாரத்தில் வீடு திரும்பவும் வாய்ப்பு உண்டு. முதுகு நீர்ப் பரிசோதனைக்குத் தயங்குபவர்கள் இந்தக் கணக்கையும் யோசிக்கலாம்.

சீழ்க்கட்டி என்றால் கணக்கு வாரங்களில் வரும். காதில் நாள்பட்ட சீழ், சைனஸ், பல் தொற்று, பிறவி இதயக் குறை ஆகியவற்றிலிருந்து இது உருவாகலாம். சீழின் நடுவே ரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே எளிதில் எட்டாது. கட்டி சுமார் 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மண்டையில் சிறு துளையிட்டுச் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். அதிலிருந்து கிருமியும் தெரியவரும். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்காக மெட்ரோனிடசோலும் சேரும். சிகிச்சை சாதாரணமாக 6 முதல் 8 வாரங்கள்.

எல்லா பாக்டீரியாவுக்கும் இந்த மருந்து சரிவராது

தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதற்குப் பிந்தைய குளிர் மாதங்களிலும் அதிகம் பார்க்கப்படும் ஸ்கரப் டைபஸ் இதற்கு நல்ல உதாரணம். புதரிலும் புல்வெளியிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிப் பூச்சியின் இளம்புழு கடிப்பதால் பரவும் இந்த பாக்டீரியா, சிலருக்கு மூளையையும் தாக்கும். இது செல்களுக்கு உள்ளேயே வாழ்வது. செஃப்ட்ரையாக்சோன் இதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 பேரிடம் நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வில், தீவிர ஸ்கரப் டைபஸுக்கு இந்த இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தந்தது.

உடலில் எங்காவது சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருந்தால் அது இந்நோயின் முக்கியத் துப்பு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் மறைந்திருக்கும் என்பதால் நோயாளியே கவனித்திருக்க மாட்டார். வயல் வேலை, ஆடு மாடு மேய்த்தது, விறகு பொறுக்கப் போனது போன்ற விவரங்களை மருத்துவரிடம் சொல்வது மருந்தையே மாற்றக்கூடும்.

காசநோய்க் கிருமியும் மூளை உறையைத் தாக்கும். பல நாட்கள், வாரங்கள் என மெதுவாக முற்றும் அந்த நோய்க்குத் தனி மருந்துகள் உண்டு. சிகிச்சை 9 முதல் 12 மாதங்கள் வரை நீளும்.

பெரிய கவலை எது?

தலையில் அறுவை சிகிச்சை, மூளை நீரை வடிக்கப் பொருத்தும் குழாய் ஆகியவற்றுக்குப் பிறகு மருத்துவமனையிலேயே தொற்றும் கிருமிகள் இன்னும் பிடிவாதமானவை. ஐசியூக்களில் காணப்படும் ஏசினட்டோபேக்டர் கிருமியின் பெரும்பாலான மாதிரிகள் இப்போது மெரோபெனத்துக்கே கட்டுப்படுவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பு அறிக்கைகள் காட்டுகின்றன. அப்போது கையில் எஞ்சுவது கோலிஸ்டின் போன்ற பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, மூளைக்குள்ளும் சரியாகப் போகாது. எனவே சில நேரம் அதை நேரடியாக மூளை நீருக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. 1942-ல் ஃப்ளெமிங் செய்ததற்கே மருத்துவம் திரும்பப் போகிறது.

சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்கை வீணடிக்காமல் இருப்பதன் அர்த்தம் இங்கேதான் தெரிகிறது. உண்மையிலேயே ஒரு மணி நேரத்தில் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டிய நாளில் அந்த மருந்து வேலை செய்தாக வேண்டும்.

குடும்பம் என்ன செய்யலாம்?

காய்ச்சலோடு கடும் தலைவலி, குழப்பமான பேச்சு, வலிப்பு, கழுத்து இறுக்கம், தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தைகளுக்கு அறிகுறி வேறு மாதிரி இருக்கும். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பதும், உச்சிக்குழி புடைப்பதும், விடாமல் வீறிடுவதும் எச்சரிக்கைகள்.

ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமை உண்டா, காதில் சீழ், தலையில் அடி, சமீபத்திய அறுவை சிகிச்சை ஏதாவது இருந்ததா என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மெனிங்கோகாக்கஸ் என்று உறுதியானால் ஒரே வீட்டில் நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டும் தடுப்பு மருந்து தரப்படும். தெருவில் எல்லோரும் மாத்திரை போட வேண்டியதில்லை. குணமான பிறகு காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க மறக்க வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. ஹீமோஃபிலஸ் பி கிருமிக்கு எதிரான பாதுகாப்பு ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியில் அடங்கியுள்ளது. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் இதைத் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்தான். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-ல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் விரிவாக்கப்பட்டது. இரண்டும் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குழந்தைகளுக்கு இலவசம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து, தவறிய தவணை ஏதும் இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடலாம்.